பெஞ்சில் எட்டு இடம்: 5-3, 6-2, 7-1 எதை எடுப்பது?

டெஸ்ட் போட்டிக்கான ரக்பி அணிப் பட்டியல் வந்ததும் முன்பெல்லாம் சண்டை பத்தாம் எண் சட்டையைப் பற்றித்தான் இருக்கும். ஆட்டத்தை வழிநடத்தும் ஃப்ளை-ஹாஃபாக யார் ஆட வேண்டும் என்று ஊரே இரண்டாகப் பிரியும். இப்போது பலருடைய கண் முதலில் போவது பட்டியலின் கீழ்ப்பகுதிக்கு, அதாவது மாற்று வீரர்களுக்கான 16 முதல் 23 வரையிலான எண்களுக்கு. அந்த எட்டுப் பேரில் எத்தனை பேர் ஃபார்வர்ட் (முன்னே நின்று மோதித் தள்ளும் எட்டுப் பேரின் வகை), எத்தனை பேர் பேக் (பின்னே நின்று ஓடியும் உதைத்தும் ஆடும் ஏழு பேரின் வகை) என்று எண்ணிவிட்டு, பயிற்சியாளர் தைரியசாலியா பயந்தாங்கொள்ளியா என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். 7-1 (ஏழு ஃபார்வர்ட், ஒரு பேக்) என்றால் தைரியம், 5-3 என்றால் பழைய பஞ்சாங்கம்.

எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. பெஞ்சின் எண்ணிக்கை என்பது கடைசியாக வரவேண்டிய விடை. களத்தில் தொடங்கப்போகும் ஏழு பேக்குகள் தங்களுக்குள் எத்தனை இடங்களை மாற்றி ஆட முடியும், அவர்களில் எத்தனை பேர் கோலுக்கு உதைப்பார்கள் என்பதை வைத்துத்தான் அந்த விடை வரும். மூன்று வழிகளையும் நடந்த போட்டிகளோடு வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

முதலில் விதி. எட்டு இடங்களில் மூன்றைப் பற்றிப் பயிற்சியாளர் யோசிக்கவே முடியாது. ஒரு ஹூக்கர், இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு பிராப் என்று முன்வரிசைக்கு முழு மாற்று இருந்தே ஆக வேண்டும். பழக்கமில்லாத ஆளை ஸ்க்ரம்மின் (இரு அணி ஃபார்வர்டுகளும் பிணைந்து எதிரெதிரே தள்ளுவது) முன்வரிசையில் நிறுத்துவது கழுத்துக்கே ஆபத்து என்பதால் இந்தக் கட்டுப்பாடு. அந்த ஆள்கள் தீர்ந்துபோனால் என்ன ஆகும் என்பதை 2022 பிப்ரவரியில் டப்ளினில் இத்தாலி அனுபவித்தது. தொடக்க ஹூக்கர் காயத்தில் போனார், மாற்று ஹூக்கர் ஹாமே ஃபைவா சிவப்பு அட்டை வாங்கினார். அதன்பின் ஸ்க்ரம்மில் யாரும் தள்ளக் கூடாது என்றானது. அதோடு விதிப்படி இன்னொருவரையும் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. 13 பேரோடு ஆடி 57-6 என்று தோற்றார்கள்.

ஆக, விவாதமெல்லாம் மீதி ஐந்து இடங்களுக்குத்தான். இரண்டு ஃபார்வர்டும் மூன்று பேக்கும் என்றால் 5-3. மூன்றும் இரண்டும் என்றால் 6-2. நான்கும் ஒன்றும் என்றால் 7-1.

5-3 தான் நெடுங்காலப் பழக்கம். முன்வரிசை மூவரோடு ஒரு லாக் (ஸ்க்ரம்மின் இரண்டாம் வரிசை), ஒரு ஃபிளாங்கர் அல்லது எட்டாம் எண் (பின்வரிசை), ஒரு ஸ்க்ரம்-ஹாஃப் (ஒன்பதாம் எண்), ஒரு ஃப்ளை-ஹாஃப், சென்டர், விங், ஃபுல்-பேக் என்ற வெளிப்புற இடங்களுக்கு ஒருவர். எங்கே அடிபட்டாலும் அந்த இடத்துக்கே பழகிய ஆள் அல்லது அதற்கு அடுத்த இடத்துக்காவது பழகிய ஆள் இருப்பார். குறை என்னவென்றால், அந்த மூன்றாவது பேக்கைப் பல போட்டிகளில் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான் அனுப்புவார்கள். விங்கில் ஆடுபவர் 80 நிமிடமும் ஓட முடியும். ஸ்க்ரம், மால் (பந்தோடு நிற்பவரைச் சுற்றித் தள்ளுவது), ரக் (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் தள்ளுவது), டாக்கிள் (எதிரியைப் பிடித்துச் சாய்ப்பது) என்று மோதிக்கொண்டே இருக்கும் ஃபார்வர்டுகள் ஐம்பது நிமிடத்திலேயே தளர்ந்துவிடுவார்கள். களைப்பு ஒரு பக்கம் இருக்க, புது ஆளை இன்னொரு பக்கத்துக்கு ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் 6-2 ஆதரவாளர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

ஆனாலும் தென்னாப்பிரிக்கா தன் பெஞ்சால் மீண்டதில் மிகப் பெரியது எது என்று கேட்டால், நான் 2023 உலகக் கோப்பை அரையிறுதியைத்தான் சொல்வேன். அன்று அவர்கள் வைத்திருந்தது 5-3. இது பலருக்கு நினைவிருப்பதில்லை. மழை ஈரத்தில் இங்கிலாந்து உயர உதைத்து உதைத்து நெருக்கியது. தொடக்க ஃப்ளை-ஹாஃப் மானி லிபோக்குக்கு அது ஒத்துவரவில்லை. அரைமணி நேரத்திலேயே அவரை வெளியே எடுத்து ஹான்ட்ரே போலார்டை இறக்கினார்கள். ஒரு ஃப்ளை-ஹாஃபை அடிபடாமலேயே முதல் பாதியில் மாற்றுவது அவருக்கு எவ்வளவு கசப்பு என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாம் பாதியில் 15-6 என்று பின்தங்கியிருந்தபோது மாற்று பிராப் ஆக்ஸ் நிச்சே ஸ்க்ரம்மைப் புரட்டிப்போட்டார். மாற்று லாக் ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை வைத்தார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார். கடைசியில் மறுபடி ஒரு ஸ்க்ரம் பெனால்டி. ஏறக்குறைய 50 மீட்டரிலிருந்து போலார்ட் அதை உதைத்து உள்ளே அனுப்ப, 16-15. அதாவது ஐந்து ஃபார்வர்ட் மாற்றுகளே ஸ்க்ரம்மை வெல்லப் போதுமாக இருந்தார்கள். வென்றதைப் புள்ளிகளாக்கியவர் பெஞ்சிலிருந்து வந்த உதைப்பாளர். அன்று பெஞ்சில் போலார்ட் இல்லாமல் இன்னொரு ஃபிளாங்கர் இருந்திருந்தால் அந்தக் கோப்பை வேறு யாருடைய கைக்கோ போயிருக்கும்.

6-2 வேறு வகை. கூட்டமாக இறங்கும் மாற்று ஃபார்வர்டுகளுக்கு ‘பாம் ஸ்குவாட்’ (குண்டுப் படை) என்ற பெயரை உலகுக்குப் பழக்கியது 2019 உலகக் கோப்பையில் ஆடிய தென்னாப்பிரிக்க பெஞ்ச். யோகோஹாமா இறுதிப்போட்டியில் இங்கிலாந்தை 32-12 என்று அடித்த அன்று பெஞ்சில் இரண்டே பேக்குகள்: ஸ்க்ரம்-ஹாஃப் ஹெர்ஷல் யான்ட்ஜிஸ், ஃப்ரான்ஸ் ஸ்டெய்ன். ஸ்டெய்ன் பத்தாம் எண்ணிலும் ஆடுவார், சென்டரிலும் ஆடுவார், ஃபுல்-பேக்கிலும் ஆடுவார், பாதி மைதானத்திலிருந்து உதைக்கவும் செய்வார். 2007 இறுதிப்போட்டியிலேயே ஆடிக் கோப்பை வென்றவர். கிரிக்கெட்டில் நல்ல ஆல்ரவுண்டர் ஒருவர் கிடைத்தால் கூடுதலாக ஒரு பந்துவீச்சாளரைச் சேர்க்கலாம் அல்லவா, அதே கணக்கு. ஆறு ஃபார்வர்டுகள் சாத்தியமானதே இரண்டாவது பேக் ஸ்டெய்னாக இருந்ததால்தான்.

அந்தப் போட்டியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 6-2 என்றாலே இரண்டாம் பாதித் தாக்குதலுக்கானது என்று பேசுகிறோம். அன்று முதல் பாதியிலேயே ஹூக்கர் போங்கி ம்போனாம்பியும் லாக் லூட் டி ஜாகரும் காயத்தில் வெளியேறினார்கள். மால்கம் மார்க்ஸ், ஃப்ராங்கோ மோஸ்டர்ட் உள்ளே வந்தார்கள். வழக்கமான 5-3 பெஞ்சில் ஒரே லாக்தான் இருப்பார், அவர் அப்போதே செலவாகியிருப்பார். இவர்களிடம் ஸ்னைமன் இன்னும் மீதி இருந்தார். எதிரணியிலோ டைட்ஹெட் (வலப்பக்க) பிராப் கைல் சின்க்ளர் மூன்றாவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டுப் போக, மாற்றாக வந்த டான் கோல் மீதி ஆட்டம் முழுவதையும் தோளில் சுமக்க வேண்டியதாயிற்று. அவர் எதிரே முதலில் டெண்டாய் மட்டவாரிரா, பிறகு புதிதாக இறங்கிய ஸ்டீவன் கிட்ஷாஃப். ஸ்க்ரம்மில் இங்கிலாந்து நொறுங்கியதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

இதே 6-2 கைவிட்ட நாளும் உண்டு. 2024 மார்ச்சில் ட்விக்கன்ஹாமில் அயர்லாந்து இரண்டு பேக்குகளோடு போனது: ஸ்க்ரம்-ஹாஃப் கானர் மரே, எல்லா இடத்துக்குமான ஆளாக கியரன் ஃபிராலி. தொடங்கிய சில நிமிடங்களிலேயே விங் கால்வின் நாஷுக்குத் தலையில் அடி. ஃபிராலி வந்தார். இரண்டாம் பாதியில் அவருக்கும் தலைக்காயப் பரிசோதனை. வேறு வழியில்லாமல் மரேயை ஒன்பதாம் எண் வேலைக்கு இறக்கி, அதுவரை ஸ்க்ரம்-ஹாஃபாக ஆடிய ஜேமிசன் கிப்சன்-பார்க்கை விங்குக்கு அனுப்பினார்கள். அயர்லாந்தின் ஆட்டத்துக்கு வேகம் கொடுப்பவரே அவர்தான். அவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு ஆட வேண்டிய நிலை. கடைசியில் மார்கஸ் ஸ்மித்தின் டிராப் கோலில் (ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விழவிட்டு உதைப்பது) 23-22 என்று தோற்றார்கள். தோல்விக்கு பெஞ்சை மட்டும் குறை சொல்ல மாட்டேன், இங்கிலாந்து அன்று நன்றாகவே ஆடியது. ஆனால் விங்கில் நேர்ந்த ஒரு காயம் ஒன்பதாம் எண் வரைக்கும் அணியைக் குலைத்தது என்பதை மறுக்க முடியாது. தலைக்காயப் பரிசோதனை கண்டிப்பான இந்தக் காலத்தில் யாருக்கும் எந்த நிமிடத்திலும் அழைப்பு வரலாம். இரண்டு பேக் போதும் என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, 7-1 க்கு வருவோம். இதைப் பற்றித்தான் சத்தம் அதிகம்.

2023 ஆகஸ்டில், உலகக் கோப்பைக்கு முந்தைய போட்டியில், கடைசி நேரத்தில் வில்லி ல ரூ விலக, அவர் இடத்தில் இன்னொரு பேக்கை எடுக்காமல் ஃபார்வர்டான க்வாகா ஸ்மித்தைச் சேர்த்தது தென்னாப்பிரிக்கா. 35-7. நியூசிலாந்து அதுவரையிலான தன் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசத்தில் தோற்ற நாள் அது. அன்றிலிருந்து 7-1 ஒரு மந்திரம் போல ஆகிவிட்டது. ஆனால் அந்தப் போட்டியில் நியூசிலாந்து முதல் பாதியிலேயே ஸ்காட் பாரெட்டைச் சிவப்பு அட்டைக்குப் பறிகொடுத்திருந்தது. 14 பேரை 15 பேர் அடித்ததை வைத்து பெஞ்ச் சூத்திரத்துக்கு மாலை போடுவது கொஞ்சம் அவசரம்.

ஒரு மாதம் கழித்து, உலகக் கோப்பையில், அதே 7-1 அயர்லாந்திடம் 13-8 என்று தோற்றது. ஃபார்வர்டுகள் சண்டையில் தென்னாப்பிரிக்கா ஒன்றும் சளைக்கவில்லை. தோற்றது உதையில். லிபோக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் ஃபாஃப் டி கிளெர்க்கும் சேர்ந்து கோலுக்கு உதைத்ததில் தவறவிட்டவை 11 புள்ளிகள். தோல்வியின் வித்தியாசம் ஐந்துதான். பெஞ்சில் இருந்த ஒரே பேக் கோபஸ் ரெய்னாக். அவரும் ஸ்க்ரம்-ஹாஃப். உதை சரியில்லை என்று பெட்டியில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர்களுக்குத் தெரிந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எனக்கு 7-1 மேல் இருக்கும் பெரிய புகார் காயம் பற்றியது கூட இல்லை, இதுதான். ஆட்டம் போகிற போக்கைப் பார்த்து முடிவை மாற்றும் வசதியை அது பறித்துவிடுகிறது.

அந்த உலகக் கோப்பையின் இறுதிப்போட்டியில், நியூசிலாந்துக்கு எதிராக, மறுபடி 7-1. இம்முறை பத்தாம் எண்ணில் தொடங்கியவர் போலார்ட். அதுதான் வித்தியாசம். அணியின் 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்து வந்தவை, 12-11 என்று கோப்பை. பெஞ்சில் இருந்த ஒரே பேக் ல ரூ, ஃபுல்-பேக். மாற்று ஸ்க்ரம்-ஹாஃப் என்று யாரும் இல்லை. டி கிளெர்க்குக்கு ஏதாவது ஆகியிருந்தால் விங் செஸ்லின் கோல்பி போன்ற ஒருவரைத்தான் அந்த வேலைக்கு இழுத்திருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு கதை ஒளிந்திருக்கிறது. முதலில் அறிவித்த உலகக் கோப்பை அணியில் போலார்ட் இல்லை, அவருக்குக் கெண்டைக்கால் காயம். போட்டித் தொடர் நடக்கும்போது ஹூக்கர் மார்க்ஸுக்கு முழங்காலில் அடிபட, அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரை அழைப்பதுதான் எல்லோரும் எதிர்பார்த்தது. அவர்கள் அழைத்தது போலார்டை. ஹூக்கர் இடத்துக்கு, முன்பு அந்த வேலை பார்த்த ஃபிளாங்கர் டியான் ஃபூரி போதும் என்று விட்டார்கள். இறுதிப்போட்டியின் மூன்றாவது நிமிடத்தில் ம்போனாம்பி காயத்தில் போனார். மீதி ஆட்டம் முழுவதும் 37 வயது ஃபூரி. வெளியே போன பந்தைக் கோட்டோரத்திலிருந்து ஹூக்கர் எறிந்து தொடங்கும் லைன்-அவுட் தடுமாறியது. பந்து போய்க்கொண்டே இருந்தது. அதே ஆட்டத்தில் கோப்பையை உதைத்து எடுத்தவர் போலார்ட். ஒரே முடிவின் விலையும் லாபமும் ஒரே இரவில் கண்முன் நடந்தன. ஒரு புள்ளி அந்தப் பக்கம் போயிருந்தால் ‘ஹூக்கர் இல்லாமல் இறுதிப்போட்டிக்குப் போன மூடர்கள்’ என்று இன்றுவரை எழுதிக்கொண்டிருப்போம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் போலார்டைத்தான் அழைத்திருப்பேன், ஆனால் ம்போனாம்பி போன நிமிடத்தில் மூச்சு நின்றிருக்கும்.

(ஹூக்கர் விஷயத்தில் விதிப்படி இரண்டு பேரை வைத்திருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. 2023 மார்ச்சில் மரேஃபீல்டில் அயர்லாந்து டான் ஷீஹன், ரோனன் கெல்லஹர் இருவரையும் இழந்தது. பிராப் கியன் ஹீலி ஹூக்கராக ஸ்க்ரம்மில் நின்றார். லைன்-அவுட் பந்தை எறிந்தவர் ஃபிளாங்கர் ஜாஷ் வான் டெர் ஃப்ளையர். ஸ்காட்லாந்தை 22-7 என்று வென்றும்விட்டார்கள்.)

7-1 பக்கம் பேசுகிறவர்கள் காட்டும் சிறந்த சாட்சி பிரான்ஸ். 2025 மார்ச், டப்ளின். பெஞ்சில் ஏழு ஃபார்வர்ட், ஒரே பேக்காக ஸ்க்ரம்-ஹாஃப் மக்ஸீம் லுக்யூ. நடக்கக் கூடாதது நடந்தது: முதல் பாதியிலேயே உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் அந்த்வான் டுப்போன் முழங்கால் காயத்தில் வெளியேறினார். லுக்யூ வந்தார். இருந்த ஒரு பேக்கும் அத்தோடு செலவு. பிறகு சென்டர் பியர்-லூயி பராஸியும் போக, ஃபிளாங்கர் ஒஸ்கார் ஜெகூ சென்டரில் நின்றார். இரண்டாம் பாதித் தொடக்கத்தில் 13-8 என்று பின்தங்கியிருந்த அணி, புது ஃபார்வர்டுகள் இறங்கிய பிறகு 42-13 வரை போனது. முடிவு 42-27.

இதைப் பார்த்து ‘இரண்டு பேக் போனாலும் 7-1 வென்றதே’ என்கிறார்கள். நான் வேறு மாதிரி படிக்கிறேன். போனது டுப்போன் என்றாலும் வந்தவர் அதே இடத்துக்கான முழுநேர ஆள். பத்தாம் எண்ணில் ரொமான் ந்தமாக், பின்னால் தோமா ராமோஸ். ராமோஸ் ஃபுல்-பேக்காக ஆடினாலும் பத்தாம் எண்ணுக்கும் பழகியவர், உதைப்பதில் அணியின் முதல் ஆள். சென்டரில் நிற்கக்கூடிய ஃபிளாங்கர் ஒருவரும் கையில் இருந்தார். இவ்வளவு ஏற்பாடு இருந்தது என்பதால்தான் இரண்டு அடிகளையும் தாங்கினார்கள். ஜெகூவைப் போல ஒருவர் இல்லாத அணி இதே பெஞ்சை அப்படியே காப்பி அடித்தால் முதல் அடியிலேயே விழும்.

அப்படியானால் அந்த ஒரே ஒருவர் யாராக இருக்க வேண்டும்? தென்னாப்பிரிக்கா ஒருமுறை ஸ்க்ரம்-ஹாஃபையும் ஒருமுறை ஃபுல்-பேக்கையும் வைத்தது, பிரான்ஸ் ஸ்க்ரம்-ஹாஃபை வைத்தது. என் ஓட்டு ஸ்க்ரம்-ஹாஃபுக்கே. ஒவ்வொரு ரக்கிலிருந்தும் பந்தை எடுத்துக் கொடுப்பவர் அவர். விங்கில் ஃபிளாங்கரை அரைமணி நேரம் ஒளித்து வைத்துவிடலாம். ஒன்பதாம் எண்ணில் பழகாதவரை நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் மைதானமே கண்டுபிடித்துவிடும். தென்னாப்பிரிக்கா இதை வேறு வழியிலும் யோசித்தது. 2023 உலகக் கோப்பைக்கு நான்கு ஸ்க்ரம்-ஹாஃப்களைக் கொண்டுபோய், ருமேனியாவுக்கு எதிரான 23 பேரில் நால்வரையும் சேர்த்தது. கிராண்ட் வில்லியம்ஸ் அன்று விங்கில் ஆடினார். 76-0. எதிரணி பலவீனம்தான், ஆனாலும் யாரை எங்கே நிறுத்த முடியும் என்பதைச் சோதிக்க அப்படிப்பட்ட போட்டியை விட நல்ல இடம் கிடைக்காது.

எதிரணியும் வானிலையும் கணக்கில் வரும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவாகவே. மழை என்றால் ஸ்க்ரம் கூடும், ஃபார்வர்டுக்கு மதிப்பு ஏறும். அதே மழையில் உயர உதைத்த பந்தைப் பிடிக்கத் தெரிந்த ஃபுல்-பேக்கும் வேண்டியிருக்கும். அகலமாக ஆடி ஓடவைக்கும் அணிக்கு எதிராக மூன்றாவது பேக் தேவை என்பார்கள். ஆனால் அப்படி ஓடவைக்கப்பட்டு முதலில் மூச்சு வாங்குவதும் பிராப்தான்.

7-1 நியாயமா என்ற வாதமும் ஓயவில்லை. களைத்த ஆள்கள்மேல் 110, 120 கிலோ எடையுள்ள ஏழு புதியவர்களை ஒரேயடியாக ஏவுவது ஆபத்து, மாற்று வீரர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு. ரக்பியில் மாற்று வீரர் என்பதே 1968 வரை டெஸ்டில் கிடையாது. அந்த ஆண்டு லயன்ஸ் அணியில் (பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டணி) பாரி ஜான் அடிபட்டபோது மைக் கிப்சன் இறங்கினார். காயமே இல்லாமல் உத்திக்காக ஆளை மாற்றலாம் என்பது 1996இல்தான் வந்தது. எண்ணிக்கையை ஆறாகக் குறைத்தால் பல தலைவலி தீரும் என்று எனக்கும் தோன்றுவதுண்டு. ஆனால் விதி எட்டு என்று இருக்கும்வரை எட்டையும் தன் வசதிக்குப் பயன்படுத்தும் பயிற்சியாளரைக் குறை சொல்ல முடியாது.

தேர்வுக்குழு அறையில் ஒரு நாற்காலி எனக்குக் கிடைத்தால் என்ன செய்வேன்? பத்தாம் எண்ணில் புதியவர் தொடங்குகிறார் அல்லது கோல் உதைப்பவர் ஒருவர்தான் இருக்கிறார் என்றால் 5-3, மறுபேச்சு இல்லை. காயத்திலிருந்து இப்போதுதான் திரும்பிய சென்டரோ விங்கோ தொடக்க வரிசையில் இருந்தாலும் அதேதான். ஃபுல்-பேக்கோ உள் சென்டரோ பத்தாம் எண்ணுக்கு நகர முடியும், இன்னொருவர் உதைப்பார், பெஞ்சின் இரண்டாவது பேக் மூன்று இடமாவது ஆடுவார் என்றால் 6-2. பெரும்பாலான பெரிய அணிகளுக்கு இதுவே பொருந்தும். 7-1 ஐ ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் எடுக்க மாட்டேன், அதுவும் பேக் வரிசையில் நிற்கக்கூடிய ஃபார்வர்ட் ஒருவர் இருந்தால் மட்டும். ஏழு பேர் ரக்பியில் ஒலிம்பிக் வரை போன க்வாகா ஸ்மித் அப்படிப்பட்டவர். ஃபிஜியின் லெவானி போத்தியா சென்டராகவும் ஃபிளாங்கராகவும் பல ஆண்டுகள் ஆடியவர்.

தென்னாப்பிரிக்கா 2025இல் இன்னும் ஒரு படி மேலே போய், சென்டர் ஆண்ட்ரே எஸ்டர்ஹெய்ஸனுக்கு ஃபிளாங்கர் வேலையையும் பழக்கி, இரண்டுக்குமாகப் பெஞ்சில் உட்காரவைத்தது. அவரை ஃபார்வர்ட் பக்கம் எண்ணினால் அது 6-2, பேக் பக்கம் எண்ணினால் 5-3. அறுபதாவது நிமிடத்தில் யார் நொண்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு அவர் எந்தப் பக்கம் என்று முடிவெடுத்துக்கொள்ளலாம். அடுத்த உலகக் கோப்பைக்குள் ஒவ்வொரு பெரிய அணியும் இப்படி ஒருவரைத் தேடும் என்று நினைக்கிறேன்.